வட்டு பழுதா, பயாஸ் அமைப்பா? லினக்ஸ் எழாதபோது முதலில் பார்க்க வேண்டியது

உபுண்டு நிறுவிய கணினியை இயக்கினால் கிரப் பட்டியல் வழக்கம்போல் வருகிறது. சில நொடிகளில், ரூட் பகுதியின் யூ.யூ.ஐ.டி. கிடைக்கவில்லை என்று சொல்லித் திரை ‘இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளை வரியில் நின்றுவிடுகிறது. வட்டு போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கவோ, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவவோ பலர் இறங்குவது இந்த இடத்தில்தான். ஆனால் கிரப்பும் கெர்னலும் அந்த வட்டிலிருந்துதான் ஏறின. வட்டு உயிரோடு இருப்பதற்கு அதுவே நல்ல சான்று. முதலில் சந்தேகப்பட வேண்டியது வட்டை அல்ல, அதற்கும் கெர்னலுக்கும் இடையே இருக்கும் கன்ட்ரோலரின் அமைப்பை.

கிரப் பொதுவாக பயாஸின் உதவியோடுதான் வட்டைப் படிக்கிறது. கெர்னல் பொறுப்பேற்றதும் பயாஸ் ஒதுங்கிவிடும். அதன்பின் கெர்னல் தன் சொந்த டிரைவரைக் கொண்டே கன்ட்ரோலருடன் பேசியாக வேண்டும். இன்டெல் 2004-இல் வெளியிட்ட ஏ.எச்.சி.ஐ. என்ற சாட்டா கன்ட்ரோலர் தரத்துக்கு லினக்ஸில் நன்கு தேறிய டிரைவர் இருக்கிறது. அதே கன்ட்ரோலரை இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. என்ற வட்டு மேலாண்மை அமைப்பின் ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும்) முறைக்கு மாற்றினால், பல மடிக்கணினிகளில் என்.வி.எம்.இ. வட்டு சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பயாஸை ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றும்படி கெர்னலே தன் பதிவில் எழுதி வைக்கிறது. பிற்காலக் கணினிகளில் வி.எம்.டி. என்ற அமைப்பும் இப்படி வட்டை மறைக்கும். அதற்கு லினக்ஸில் டிரைவர் உண்டு. ஆனால் பழைய கெர்னலுக்குப் புதிய சிப்பை அடையாளம் தெரியாமல் போகலாம்.

நேற்றுவரை ஓடிய கணினி இன்று ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். தாய்ப்பலகையின் பட்டன் பேட்டரி தீர்ந்தாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ அமைப்புகள் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பக்கூடும். சில நிறுவனங்களின் கணினிகளில் அந்த நிலை ரெய்டுதான். வட்டை வேறு கணினிக்கு மாற்றினாலும் சிக்கல் வரக்கூடும். எடுத்துக்காட்டாக, ஃபெடோராவின் இனிட்ராம்எஃப்எஸ் (கெர்னலோடு ஏறும் தொடக்கக் கோப்புத் தொகுப்பு), அந்தந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே சுமக்கிறது. எங்கே பிசகு என்பதை ஒரு லைவ் யூ.எஸ்.பி. காட்டிவிடும். அதில் ஏறி ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ கட்டளை கொடுத்து வட்டு தெரிந்தால், இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குவதே பெரும்பாலும் தீர்வு. வட்டு தெரியாமல், ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ கன்ட்ரோலரை ரெய்டு என்று காட்டினால் பயாஸைத் திருத்த வேண்டும். பயாஸிலேயே வட்டு இல்லையென்றாலோ, பதிவில் படிப்புப் பிழைகள் குவிந்தாலோதான் வட்டையோ கேபிளையோ சந்தேகிக்க வேண்டும்.

நிறுவனமே வைத்த அமைப்பை மாற்றலாமா என்ற தயக்கம் நியாயமானது. இரண்டு வட்டுகளை உண்மையிலேயே ரெய்டாக இணைத்திருந்தாலோ, ஆப்டேன் நினைவகம் சேர்த்திருந்தாலோ மாற்றக் கூடாது. கூடவே விண்டோஸ் இருந்தால், நேரடியாக மாற்றியதும் அது நீலத்திரையில் நிற்கக்கூடும். முதலில் சேஃப் மோடில் ஏறும்படி அதை அமைத்துவிட்டு பயாஸை மாற்றி, ஒருமுறை அப்படி ஏறிய பின் சேஃப் மோடு அமைப்பை நீக்க வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் மீட்புக் குறியீட்டை முன்பே எடுத்து வைப்பது கட்டாயம். இவ்வளவு சிரமத்துக்கு மறுபடி நிறுவுவதே எளிது என்போருக்கு, மறைந்த வட்டு புதிய நிறுவலின் கண்ணிலும் படாது என்பதே பதில். ஆர்.எஸ்.டி.யை அணைக்கச் சொல்லி உபுண்டு நிறுவியே நின்றுவிடுகிறது.

எல்லாக் கணினியிலும் இந்தத் தேர்வு கிடைப்பதில்லை என்பதும் உண்மை. 2016-இல் லெனோவோவின் யோகா 900 வரிசைக் கணினி ஒன்றில் ஏ.எச்.சி.ஐ. தேர்வே இல்லாததால் லினக்ஸ் நிறுவ முடியாமல் பெரும் எதிர்ப்பு எழுந்தது; பிறகு லெனோவோ அதற்கென பயாஸ் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கிய கணினியில் எந்த இயங்குதளம் ஓட வேண்டும் என்பதை வாங்கியவரே முடிவுசெய்ய, பயாஸில் இந்த ஒரு தேர்வு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் கணினிகளில் அதை முதலில் பார்ப்பதே அறிவு: மாற்றிய அமைப்பைத் திரும்ப மாற்றலாம், அழித்த வட்டைத் திரும்பப் பெறுவது அரிது.