செஞ்சிக்கோட்டைக்கு ரோப் கார் வருமா? எந்த மலைக்கு எந்த ‘லிஃப்ட்’?

விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து செஞ்சிக்குப் போய் ராஜகிரியில் ஏறியவர்களில், ‘இங்க ஒரு ரோப் கார் போட்டா என்ன?’ என்று கேட்காதவர்கள் குறைவு. உயரம் சுமார் 800 அடி. முட்டிவலி உள்ள பெரியவர்கள் அடிவாரத்தில் கல்யாண மகாலோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால், எல்லா மலைக்கும் ஒரே ‘லிஃப்ட்’ சரிப்பட்டு வராது.

எத்தனை வகை?

பனிச்சறுக்கு மலைகளில் எல்லா வகையும் உண்டு. சிறிய சரிவுகளுக்கு, சறுக்குப் பலகையோடு நிற்பவரை அப்படியே மேலே இழுக்கும் கயிறு போதும், செலவும் கம்மி. அடுத்தது நாற்காலி லிஃப்ட். பலகையைக் கழற்றாமலேயே உட்காரலாம். ஆனால் குளிரும் காற்றும் முகத்தில் அடிக்கும்.

தூரமும் கூட்டமும் அதிகமென்றால் கோண்டோலா. மூடிய பெட்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருப்பதால் காத்திருப்பு குறைவு. காஷ்மீரின் குல்மார்கில் 1998 முதல் இது ஓடுகிறது. உத்தராகண்டின் ஜோஷிமட் - ஆலி பாதையில் அமைத்தது வேறு வகை: இரண்டே பெரிய பெட்டிகள், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். கோபுரங்கள் குறைவாகப் போதும் என்பதால் பள்ளத்தாக்குகளுக்கு ஏற்றது. ஒரு பெட்டியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில்?

பழனியில் 1966 முதல் தண்டவாளத்தில் ஏறும் விஞ்ச் இருக்கிறது. 2004-ல் ரோப் கார் வந்தது. பயண நேரம் குறைந்தாலும், பலத்த காற்றடித்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். அப்போது கைகொடுப்பது விஞ்ச்தான். 1,305 படிகள் கொண்ட சோளிங்கருக்கும், கரூர் மாவட்ட அய்யர்மலைக்கும் 2024-ல் ரோப் கார் வந்தது.

காற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017-ல் குல்மார்கில் காற்றில் மரம் சாய்ந்து கேபிளில் விழுந்ததில் 7 பேர் இறந்தனர்.

செஞ்சிக்கு என்ன சிக்கல்?

இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குச் சட்டப்படி தடை. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டலாம். ரோப் காருக்கு மேலே ஒரு நிலையம் வேண்டுமே? ராஜகிரியில் உச்சியே கோட்டைதான். அங்கே எங்கு கட்டினாலும் அந்த 100 மீட்டருக்குள்தான் வரும்.

ஆகவே, பணமோ தொழில்நுட்பமோ இங்கே முதல் கேள்வி இல்லை. பெரியவர்களும் மேலே போக வேண்டும், கோட்டையும் கெடக்கூடாது. இரண்டுக்கும் வழி சொல்லும் திட்டம் எதுவோ, அதுதான் செஞ்சிக்கு ஏற்றது.