பாவம் பார்த்துத் தள்ளிப்போடலாமா?

“ஏற்கெனவே பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோச்சு. இதுல வயித்தை வேற கிழிக்கணுமா, டாக்டர்?” வண்டியில் அடிபட்ட பெட்டைக்குட்டியை எடுத்து வளர்க்கிறவர்கள், கருத்தடை ஆபரேஷன் என்றதும் பெரும்பாலும் இப்படித்தான் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் பாசத்தில் வருவது. ஆனால் அந்தப் பாசமே அவளுக்கு வினையாகிவிடும். நடக்க முடியாத பெட்டைக்குக் கருத்தடை மற்ற நாய்களைவிட அதிக அவசியம். யோசிக்க வேண்டியதெல்லாம் எப்போது, எப்படி என்பதைத்தான்.

நம் நாட்டுநாய்கள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதல் பருவத்துக்கு வந்துவிடும். ஏறத்தாழ மூன்று வாரம் அது நீடிக்கும். தெருவிலுள்ள ஆண் நாய்களெல்லாம் வாசலிலேயே கிடக்கும். நல்ல கால் உள்ள பெட்டை, பிடிக்காவிட்டால் உட்கார்ந்துகொள்ளும், கடிக்கும், ஓடிவிடும். இடுப்பை இழுத்துக்கொண்டு நகர்கிறவளுக்கு அந்த வழியில்லை. சினைப்பட்டுவிட்டால் சுமார் 63 நாள், கனத்துக்கொண்டே போகும் வயிற்றைத் தரையில் தேய்த்தபடி நகர வேண்டும்.

பிரசவம் அதைவிட மோசம். கொளத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, கார் மோதிய குட்டி ஒன்றை வளர்த்தார். ஆறேழு வாரத்தில் அவள் தட்டுத்தடுமாறி எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். இனி ஒன்றும் பயமில்லை என்றிருந்தவரிடம் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “பாருங்கம்மா, இடுப்பெலும்பு உடைஞ்சு கோணலாக் கூடியிருக்கு. குட்டி வெளிய வர்ற வழி இதுதான். இதுல ஒரு எலுமிச்சம்பழம்கூட நுழையாது.” வெளியே பார்த்தால் குணமான நாய். சினையாகியிருந்தால் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுத்திருக்க வேண்டும். நேரத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் பிழைக்காது. விபத்தில் இடுப்பு அடிபட்ட எந்தப் பெட்டைக்கும் இந்த எக்ஸ்ரேயை எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

சினையே ஆகாமல் பூட்டி வைத்துக் காப்பாற்றினாலும், கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் இருக்கிறது. பருவம் முடிந்து சில வாரங்களில் வரும். கருத்தடை வழக்கமாக இல்லாதிருந்த சுவீடனில் நாய் இன்ஷூரன்ஸ் கணக்கை வைத்துப் பார்த்தபோது, பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு இது வந்திருந்தது. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சோர்ந்து படுப்பது, பின்புறம் நனைந்திருப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். எப்போதும் படுத்தே கிடக்கிற, எப்போதும் மூத்திரம் கசிகிற நாயிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

சரி, எந்த வயதில் செய்வது? இங்கேதான் அவசரப்படக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் குழுவினர் 2013-இல் கோல்டன் ரெட்ரீவர் நாய்களை ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தவற்றில் மூட்டுக் கோளாறு கூடுதலாக இருந்தது. 2020-இல் கலப்பின நாய்களைப் பார்த்தபோது, வளர்ந்தபின் 20 கிலோவுக்கு மேல் வரக்கூடியவற்றுக்குத்தான் இந்த ஆபத்து தெரிந்தது. எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடுவதற்குப் பாலின ஹார்மோன்கள் வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. முன்னங்காலையே நம்பி வாழ்கிற நாய்க்கு அந்த மூட்டுகள்தான் சொத்து. ஆகவே லேப்ரடார் போன்ற பெரிய குட்டியென்றால், வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அதுவரை ஒரு பருவத்தைக் கதவடைத்துச் சமாளிக்க வேண்டிவரும். 12, 15 கிலோவில் நின்றுவிடும் நாட்டுநாய்க்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. பருவம் நடக்கும்போது மட்டும் வேண்டாம். ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், முடிந்தபின் இரண்டு மூன்று மாதம் விடுவதே வழக்கம்.

தேதி குறிக்கும் முன் ரத்தப் பரிசோதனை அவசியம். நம்மூரில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம், அது தட்டணுக்களைக் குறைத்துவிடும், ரத்தம் உறையாது. மூத்திரத்தில் கிருமி இருந்தாலோ, இடுப்பில் படுக்கைப் புண் இருந்தாலோ முதலில் அதை ஆற்ற வேண்டும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து கால் விழுந்த குட்டியென்றால், வலிப்பு வந்ததுண்டா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அது தேவை. முதுகெலும்பில் அடி என்றால், மேஜையில் பின்னங்கால்களை இழுத்துக் கட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கத்தில் தசை தளர்ந்துவிடும், முதுகெலும்புக்கு அந்தத் தசைதான் பிடிமானம்.

தையல் எங்கே விழப்போகிறது என்றும் கேளுங்கள். வழக்கமாக வயிற்றின் நடுக்கோட்டில் கிழிப்பார்கள். இழுத்து நகர்கிற நாய்க்கு அந்த இடம்தான் முதலில் தரையில் படும். விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் கிழித்தும் செய்யலாம், நம்மூர்த் தெருநாய்க் கருத்தடை மையங்களில் பல டாக்டர்களுக்கு அது கைவந்த முறை. அவள் எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பாளோ, முடிந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் செய்யச் சொல்லலாம்.

மூத்திரம்தான் வீட்டில் பெரிய வேலை. தானாகப் போக முடியாத நாய்க்கு ஒரு நாளில் மூன்று நான்கு தடவை அடிவயிற்றை இரு கையாலும் மெல்ல அழுத்தி எடுத்துவிடுவது வளர்க்கிறவர்களுக்குப் பழகிப்போன காரியம். ஆபரேஷன் ஆன மறுநாள் அதே வயிற்றில் புதுத் தையல். அழுத்தவும் பயம், விட்டால் பை நிரம்பி வீங்கும். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு டியூப் போட்டு எடுப்பதா, அழுத்தி எடுப்பதா, அழுத்தினால் எந்த இடத்தில் எவ்வளவு என்பதை டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரே செய்து காட்ட வேண்டும். கொளத்தூர் அக்கா, தன் குட்டிக்குக் கருத்தடை ஆனபின் பத்து நாளும் கடையில் மிஞ்சிய காட்டன் துணியை அடுக்கி மெத்தை போட்டு, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருந்தார். தையல் நனையவேயில்லை. சக்கர வண்டி வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அதன் பெல்ட் தையல் மேலேதான் உட்காரும். டாக்டர் சரி என்கிறவரை வண்டி வேண்டாம். வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், டாக்டர் எழுதியது மட்டும்.

கருத்தடைக்குப்பின் பசி கூடும், உடம்புக்கு வேண்டிய சோறோ குறையும். முன்பு போட்டதில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள், இரண்டு கிலோ ஏறினால்கூட அந்த இரண்டு முன்னங்கால்தான் சுமக்க வேண்டும். சில பெட்டைகளுக்குப் பின்னாளில் மூத்திரம் கசிவதும் உண்டு, பெரிய நாய்களுக்கு அதிகம். மருந்து இருக்கிறது.

வீடு கிடைத்தவளுக்கு இவ்வளவும் செய்துவிடலாம். எனக்குக் கவலை தெருவில் இழுத்துக்கொண்டு திரிகிறவளைப் பற்றித்தான். 2001 விதிகளுக்குப் பதிலாக 2023-இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளும், பிடித்த நாயைக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. நடக்கிற நாய்க்கு அது பொருந்தும். இவளைச் சில நாளில் தார் ரோட்டில் இறக்கிவிட்டால் தையல் பிரிந்துவிடும். கருத்தடை மையங்களில் இவளைப் போன்றவர்களுக்கென்று தனிக் கூண்டும் கூடுதல் நாளும் ஒதுக்க வேண்டும். அது வரும்வரை, தினமும் அவளுக்குச் சோறு வைக்கிறவர்கள்தான் பேசி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஒருவர் ஆட்டோவுக்கு, ஒருவர் மருந்துக்கு, ஒருவர் இடத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடமே போதும்.