ஸ்லோவில் நிற்காத பழைய மோட்டார் சைக்கிள்

ஜவ்வாது மலையில் சாமையானாலும் புளியானாலும் கீழே இறங்கினால்தான் காசு. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கோ, காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கோ போய்வர, பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாத விவசாயிகள் பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிளாகப் பார்த்து வாங்குகிறார்கள். வாங்கி வந்த சில நாளிலேயே பலருக்கு ஒரு தொல்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் என்ஜின் நின்றுவிடுகிறது.

கார்புரேட்டரில் உள்ள ஸ்லோ ஸ்க்ரூவை முறுக்கி வேகத்தைக் கூட்டி விடுவதுதான் இதற்குப் பொதுவாகச் செய்யப்படும் வைத்தியம். மலைப்பாதையில் இது ஆபத்து. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால், கியரில் இருக்கும் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்லோவைக் கூட்டினால் அந்தப் பிடி குறையும். முதல், இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது வண்டியை முன்னே தள்ளவும் செய்யும். பின்னால் புளி மூட்டை கனக்க, கொண்டை ஊசி வளைவில் பிரேக் ஒன்றையே நம்ப வேண்டி வரும். விடாமல் அழுத்திய டிரம் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். நியூட்ரலில் இறக்குவது அதைவிட மோசம்.

மலைக் காற்று மெல்லியது, அதனால்தான் நிற்கிறது என்று சொல்வாரும் உண்டு. காவலூர் வானாய்வகம் இருக்கும் இடத்தின் உயரம் 725 மீட்டர். அடிவாரச் சமவெளியைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம்தான் குறைவு. நல்ல நிலையில் உள்ள வண்டி இதற்காக நின்று போகாது. கோளாறு வண்டியில்தான் இருக்கும்.

முதலில் பெட்ரோலைப் பாருங்கள். விற்பனைக்காக மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போல் படியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் ஈரத்தையும் இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், தண்ணீர் அடியில் தனியே நிற்பது தெரியும். அடுத்து ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிளீனர் தெளித்துக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஊசியோ கம்பியோ விடக்கூடாது; பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலும் வண்டி நிற்கும். என்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஓசை மாறினால் அங்கேதான் கசிவு. பெட்ரோல் தெளித்துச் சோதிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். ஏர் ஃபில்டரில் மண்புழுதி, தேய்ந்த பிளக், இறுகிய டேப்பெட் ஆகியவற்றையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லவும். அளவுகள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இவை சரியான பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி என்ஜின் சூடானதும் நிறுத்தி, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல் முழுதும் உள்ளே விட்டு, ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று வெளியே எடுக்கவும். மீண்டும் கிளப்பி, கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, என்ஜின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் நிறுத்தவும். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்கவும். இந்த ரக வண்டிகளுக்கு நிமிடத்துக்கு சுமார் 1,400 சுற்று போதும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, பேட்டரி நன்றாக உள்ளதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதற்கான கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகவும்.

இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வண்டி பார்க்கப் போனதும் முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே கிளப்பி வைத்திருக்கிறார். ஆறும்வரை காத்திருந்து, உங்கள் கையால் கிளப்பிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.