லெவி யார் தலையில் விடிகிறது?

சிங்கப்பூர்க் கட்டுமான வேலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்ம ஊர் ஆள் மலிவாகக் கிடைக்கிறான், அதனால்தான் கூப்பிடுகிறார்கள்" என்று முடித்துவிடுகிறோம். டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

புதிதாகப் போகிறவருக்குப் பல காலமாகச் சொல்லப்பட்டு வந்த அடிப்படைக் கூலி நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மாதம் 26 நாள் என்றால் 468 வெள்ளி. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்குக் கூலி. மாதத்துக்கு 72 மணி நேரம் வரை செய்யலாம். அதை முழுக்கச் செய்தாலும் மொத்தம் 730 வெள்ளியைச் சுற்றித்தான் வரும்.

இனி முதலாளி பக்கம் வாருங்கள். அதே ஆளுக்காக அவர் மாதாமாதம் அரசுக்கு லெவி கட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் கட்டுமான இடத்தில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் உயர்திறன் தரம் பெற்றவராக இருந்தால் 500 வெள்ளி, அடிப்படைத் தரம் என்றால் 900. அடிப்படைத் தரத்தில் இருப்பவர் வெயிலில் நின்று கம்பி கட்டி, ஓவர்டைமும் பார்த்து வாங்குவதைவிட, அவரை வேலைக்கு வைத்ததற்காக அரசுக்குப் போவது அதிகம்! தொழிலாளர் தங்கும் விடுதியான டார்மில் ஒரு கட்டிலுக்கு வாடகை 400 வெள்ளிக்கு மேல். மருத்துவக் காப்பீடும், 5,000 வெள்ளிப் பிணைக்கான செலவும் தனி. கூட்டிப் பாருங்கள், 2,000 வெள்ளியைத் தாண்டிவிடும். அதில் தொழிலாளிக்கு வருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆள் மலிவாக இல்லை, அவருடைய பங்குதான் மெலிந்திருக்கிறது.

லெவி எதற்கு என்று கேட்கலாம். 1980-இல் தொடங்கிய ஏற்பாடு அது. வெளியிலிருந்து ஆள் தாராளமாகக் கிடைத்துக்கொண்டே இருந்தால் கம்பெனிகள் இயந்திரம் வாங்காது, புதிய முறைகளைப் பழகாது, உள்ளூர்க்காரர் கூலியும் ஏறாது. ஆகவே ஆளின் விலையை அரசே ஏற்றி வைக்கிறது. எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: கட்டுமானத்தில் ஓர் உள்ளூர் ஊழியருக்கு 7 பேர் என்றிருந்தது 2024-இல் 5 ஆனது. அறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து முடித்து, கிரேனில் தூக்கி அடுக்கும் முறையை 2014 முதல் அரசு விற்கும் சில மனைகளில் கட்டாயமாக்கியதும் இதே எண்ணத்தில்தான். நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

ஆனால் ஒரு வரியைக் கட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் வேறொருவர் என்று ஆகிவிடுவதுண்டு. லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது அங்கே குற்றம். பிடிக்கவே தேவையில்லை என்பதுதான் கொடுமை. டெண்டர் போடும்போது ஒப்பந்தக்காரர் ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்குப் போடுகிறார். லெவியைக் குறைக்க முடியாது, டார்ம் வாடகையைக் குறைக்க முடியாது. வளைந்து கொடுப்பது கூலி மட்டுமே.

அது ஏன் வளைகிறது? இவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இல்லை. வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. கட்டுமானத்தில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில்தான் முடியும். அதற்குள் புது வேலை அமையாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். ஸ்கில் டெஸ்டுக்கும் ஏஜெண்டுக்கும் கொடுக்க அம்மாவின் நகையை அடகு வைத்துவிட்டுப் போன பையன், கூலி குறைவென்று தெரிந்தாலும் வாய் திறப்பானா?

2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலைகள் நின்றபோது அரசு அந்த மாத லெவியைத் தள்ளுபடி செய்தது. ஆளுக்கு 750 வெள்ளி திருப்பியும் கொடுத்தது, முதலாளிகளிடம். கம்பெனி பிழைத்தால்தான் சம்பளம் வரும் என்பதால் அது சரியான முடிவே. ஆனால் டார்முக்குள் அடைபட்டிருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் தொற்று வந்து போயிருந்தது. நெருக்கடியில் அரசு விட்டுக்கொடுத்த தொகைகளில் லெவியும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். அது அசைக்க முடியாத கல் அல்ல.

லெவியை எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. தொழிலாளி எந்த மாதத்திலும் வேலை மாறலாம் என்று ஆக்கினாலே போதும், பாரம் நகரத் தொடங்கும். நல்ல மேசனை இழக்க விரும்பாத ஒப்பந்தக்காரர் கூலியை ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவைக் கட்டடம் கேட்பவரிடம் வாங்கிக்கொள்வார். அது போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான்.

அதுவரை, உங்கள் வீட்டிலிருந்து யாராவது கிளம்பினால், வேலை பெர்மிட்டுக்கு முன் வரும் ஒப்புதலான ஐபிஏ கடிதத்தை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவருக்குப் புரியும் மொழியிலேயே இருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்னதும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று விமானம் ஏறுமுன் பார்க்க வேண்டும். போன பிறகு தரம் உயர்ந்தால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி லெவி மிச்சமாகும். அதில் தன் சம்பளத்துக்கு எவ்வளவு ஏறும் என்று அவர் கேட்கலாம், தயங்காமல்.