கைப்பையும் பெரிய பெட்டியும்



கோலாலம்பூரிலிருந்து ஒருவர் இரண்டு மாத வேலைப் பயிற்சிக்காக லண்டன் போகிறார். பயிற்சி முடிந்ததும் பாரிசில் பத்து நாள் விடுமுறை. வீட்டில் ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து பெட்டியில் திணிக்கிறார்கள். எதை எடுப்பது என்பதைவிட, எதை எந்தப் பையில் வைப்பது என்பதே முக்கியம்.

பெரிய பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்துசேரும் என்று எண்ணியே அடுக்குங்கள். கடப்பிதழ், வேலைப் பத்திரங்கள், மாற்றுடை, மருந்துகள் ஆகியவை கையோடு இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானச் சரக்கறையின் குளிரில் அது உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது. மருத்துவரின் கடிதமும் உடன் இருக்க வேண்டும். கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர்பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அது தீப்பற்றினால் பயணிகள் அறையில் உடனே கண்டு அணைக்கலாம். சரக்கறையில் அது எளிதன்று.

பெரிய பெட்டியில் ஒரு வாரத் துணி போதும், துவைத்து உடுத்தலாம். கனமான குளிர்ச்சட்டையை அணிந்துகொண்டே ஏறுங்கள். நமது மூன்று முனைப் பிளக் லண்டனில் பொருந்தும். பாரிசுக்கு அடாப்டர் தேவை. அம்மா ஆசையோடு தரும் பால்கோவா வேண்டாம். நம் நாட்டிலிருந்து இறைச்சி, பால் பண்டங்களைக் கொண்டுவரப் பிரிட்டன் அனுமதிப்பதில்லை.

எல்லாம் முடிந்ததும் பெரிய பெட்டியை மூடி ஓரமாக வையுங்கள். கைப்பையை மட்டும் கொண்டு இரண்டு நாளை ஓட்ட முடியுமா? முடியுமென்றால், நீங்கள் புறப்படலாம்.