உங்களுக்குத் தெரியுமா? பச்சை வலை செடிக்கு உகந்ததல்ல!

மொட்டை மாடிகளில் நாம் கட்டும் பச்சை நிழல் வலை, செடி குறைவாகப் பயன்படுத்தும் பச்சை ஒளியைத்தான் அதிகம் உள்ளே விடுகிறது. இலைக்கு முக்கியமான சிவப்பையும் நீலத்தையும் கூடுதலாகத் தடுத்துவிடுகிறது!

• வெள்ளை வலை ஒளியைச் சிதறவிட்டு, வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு வலை சூடேறும். அதைச் செடியை ஒட்டிக் கட்டவே கூடாது.

• வலையில் போட்டிருக்கும் சதவீதம், தடுக்கப்படும் வெயிலின் அளவு. 75 என்றால் உள்ளே வருவது கால் பங்குதான். பெரணிக்குச் சரி. தக்காளி, மிளகாய், கத்தரி பூக்கத் திணறும். அவற்றுக்கு 35 முதல் 50 போதும்.

• வெற்றிலைக் கொடிக்காலில் வலை கட்டுவதற்குப் பதில் அகத்தி மரத்தை வளர்ப்பார்கள். அங்கே அதுதான் நிழல் வலை.

கத்திரி வெயில் தணிந்ததும் வலையைக் கழற்றிவிடுங்கள்.