நாய்க்குட்டியின் முதல் இரவு

புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி பகலெல்லாம் துள்ளி விளையாடும். விளக்கை அணைத்ததும் அழத் தொடங்கும். "கொண்டுபோய் விட்டுவிட்டு வா" என்ற குரல் இரண்டாம் நாளே வீட்டில் எழும். அதன்பின் பல குட்டிகளுக்குத் தெருதான் கதி.

குட்டி அழுவது குறும்பினால் அன்று. பிறந்தது முதல் தாயின் மடிச்சூட்டில், உடன்பிறந்தவற்றோடு ஒட்டி உறங்கிய உயிர் அது. தனியே விட்டால் குரல் கொடுத்துத் தாயை அழைப்பது அதன் இயற்கை. அடித்தால் அச்சம் மிகுமே தவிர அழுகை குறையாது.

முதலாவதாக, 8 வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கொண்டுவரும்போது தாயின் மணம் ஏறிய துணி ஒன்றையும் எடுத்துவர வேண்டும். அட்டைப்பெட்டியில் பழைய சாக்கை விரித்து, அத்துணியை அதன்மேல் இட்டு, நாம் படுக்கும் பாயருகே வைக்கலாம். படுக்குமுன் வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் விடியும்வரை அடக்க இயலாது. ஆகவே நள்ளிரவில் ஒருமுறை நாம் எழத்தான் வேண்டும். இடையில் அழுதால் கையை நீட்டித் தொட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சில இரவுகள் பொறுத்தால் போதும், பழகிவிடும்.

நண்பர்களே, வீட்டை விட்டு விடுதிக்கு வந்த முதல் இரவில் நாம் எத்தனை பேர் உறங்கினோம்?